துண்டுச் சீட்டு உணர்த்தும் பாடம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோருள் நம் சமூகத்தார் பெருந்தொகையினர். அவர்தம் வழிச்செலவிற்கு முன்பணம் தந்தவர் தோட்ட முதலாளியரே. அது கொடையன்று, கடன். கங்காணி அதனைத் தொழிலாளர் பெயரில் கணக்கெழுதினான். வேறு தோட்டம் செல்ல விழைந்தால் கடன்தொகை குறித்த ‘துண்டு’ எனும் சீட்டு வேண்டும். புதிய முதலாளி அத்தொகையைச் செலுத்துவார். கடன் தீரவில்லை, கை மாறியது. எழுத்தறியாத நம் முன்னோர் தம் கணக்கைத் தாமே படித்துப் பார்க்க இயலவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்றும் அயல்நாட்டு வேலைக்கான விசா பெரும்பாலும் முதலாளியைச் சார்ந்தே கிடைக்கின்றது. இளைஞர்காள்! செலவு யாருடையது, வேலை மாற உரிமை உண்டா என ஒப்பந்தத்தைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுவீர். நாம் கல்வி வேண்டுவது இதற்காகவுமன்றோ!