பின்வரிசையில் தொடங்கும் வரலாறு

மில்லர் குழுவை மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918இல் அமைத்தார். மைசூர் அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சமஸ்தானத்தின் கல்வித் துறைக்குத் தலைமை வகித்த சி.ஆர்.ரெட்டி, தீண்டப்படாதாராக ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிகளைத் திறந்துவிடப் பாடுபட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் பல பகுதிகளை மைசூர் முந்திக்கொண்டது உண்மை. ஆனால் உள்ளே போன பிள்ளை எங்கே உட்கார்ந்தது, தாகம் எடுத்தபோது யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதைப் பதவிக் கணக்குகள் சொல்லா. சாதி என்ற பாடம் அங்கேதான் நடந்தது. அதை அறியத் தன்வரலாறுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். சுமார் நானூறு மாணவரில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தம் சாதியும் குடும்பமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரோடும் பழகாமல் ஒதுங்கியிருந்தார். அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது, உட்காரும் சாக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோனார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். இவற்றையெல்லாம் உலக நடைமுறை என்றே அவர் எடுத்துக்கொண்டார். 1901இல் தந்தையைப் பார்க்கக் கோரேகாவ் கிளம்பிய வழியில், கையில் காசிருந்தும் வண்டி எளிதில் கிடைக்காமல், குடிக்க நீரும் கிடைக்காமல் தவித்த பிறகுதான் தீண்டாமையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதாக எழுதுகிறார். விதி முதலில் பழக்கமாகிறது. அது மனிதர் செய்த விதி என்பது நெடுநாள் கழித்தே உறைக்கிறது. அமெரிக்காவில் 1940களில் உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதியர் பொம்மைகளை வைத்து நடத்திய ஆய்வும் இதன் பக்கமே நிற்கிறது: கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர்.

தனிமனித நினைவுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெவ்வேறு மாகாணங்களில், பல பத்தாண்டு இடைவெளியில், வேறு வேறு தாய்மொழியில் வளர்ந்த இரு சிறுவர் ஒரே ஒதுக்கத்தைச் சொல்லும்போது அதை மனக்குறை என்று தள்ள முடியாது. பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது, பேசிப் பேசி நாம்தான் நினைவூட்டுகிறோம் என்ற வாதமும் உண்டு. சாக்கைச் சுமந்து பள்ளிக்குப் போன பிள்ளைக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்ததால் பயனடைந்தவர்கள் முன்வரிசைக்காரர்களே.

மைசூரிலேயே இந்த ஒதுக்கம் பின்னாளில் மோதலாக வெடித்தது. 1973 நவம்பரில் அங்கு நடந்த ஒரு கருத்தரங்கில், கர்நாடக முதல்வர் தேவராஜ் அர்ஸின் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி.பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா, அதாவது மாட்டுத் தவிடு, என்றார். மேல்சாதி மாணவர்கள் தெருவில் இறங்கினர். தலித் மாணவர்கள் தாக்கப்பட்டனர். பசவலிங்கப்பா பதவி விலக நேர்ந்தது. பள்ளியில் ஒதுக்கத்தைப் பழகியிருந்த அந்தத் தலித் தலைமுறை இந்தமுறை ஒதுங்கவில்லை. விடுதி அறைகளில் கூடிப் பேசியது, எழுதியது. தலித் சங்கர்ஷ சமிதி என்ற அமைப்பு அந்தக் கொந்தளிப்பிலிருந்து எழுந்தது.