அடுக்களைக் கரப்பானின் வரலாறு

பாலக்காட்டு அக்கிரகாரங்களில் அதனைப் பாச்சை என்பர். மலையாளத்து அண்டை வீட்டார் பாற்ற என்றும் கூற என்றும் சொல்லுவர். தென்பாண்டிச் சீமையிலிருந்து மூணாறு, பீருமேடு மலைகளுக்குத் தேயிலை பறிக்கச் சென்ற குடும்பங்களில் அது கரப்பான். பெயர் எதுவாயினும், இரவில் விளக்கை ஏற்றியதும் அம்மிக்கு அடியில் ஓடி மறையும் பூச்சி ஒன்றே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை இரண்டு. பெரியதும் செம்பழுப்பு நிறமுடையதும் சாக்கடையையும் கழிவறையையும் விரும்புவது. விரல் நகத்தளவே உள்ள சிறியது அடுப்பின் வெதுவெதுப்பை நாடி அடுக்களையிலேயே குடித்தனம் நடத்துவது.

அறிவியலார் இவற்றிற்கு இட்ட பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியதற்கு 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் அமெரிக்கப் பெயரைச் சூட்டினார். அதன் தாயகமோ ஆப்பிரிக்கா. கப்பலேறி உலகெங்கும் பரவியது அது. சிறியதற்கு 1767இல் ஜெர்மனியின் பெயர் கிடைத்தது. ருசியர் அதனைப் பிரஷ்யப் பூச்சி என்றனர். ஜெர்மானியரோ ருசியப் பூச்சி என்று திருப்பிச் சொன்னார்கள். இவ்வழக்கிற்குத் தீர்ப்பு 2024இல்தான் வந்தது. பதினேழு நாடுகளில் திரட்டிய 281 கரப்பான்களின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், சிறிய கரப்பான் ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியன்மாரிலோ காட்டுக் கரப்பான் ஒன்றிலிருந்து பிரிந்து மனிதர் வீட்டை அடைந்தது என்று கண்டனர். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அது மேற்காசியாவிற்கும், சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிற்கும் சென்றதாம். ஆக, நாம் அயலான் என்று அடித்து விரட்டுவது நம் பக்கத்துப் பழங்குடியையே!

இப்பூச்சி ஊர்விட்டு ஊர் செல்வது பெரும்பாலும் சரக்கோடுதான். சாக்குப்பையின் மடிப்பும், மரப்பெட்டியின் இடுக்கும், அட்டைப்பெட்டியின் நெளிவும் அதற்குப் போதும். வாளையாறு வழியாகவும், போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியாகவும் அரிசியும் காய்கறியும் மேற்கே செல்ல, தேயிலையும் ஏலமும் கிழக்கே வந்த காலமெல்லாம் இதுவும் கூடவே பயணம் செய்திருக்கும். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் எல்லையிலிருந்த வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. கரப்பானுக்கு அதற்கு முன்பும் தடையிருந்ததில்லை.

வந்து சேர்ந்த இடமோ அதற்கு மிக வாய்ப்பானது. கல்பாத்தி போன்ற அக்கிரகாரங்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, பொதுச்சுவரோடு நீண்டு கிடக்கும். மலைத்தோட்டங்களின் லயங்களும் அவ்வாறே. பல குடும்பங்களுக்கு ஒரே கூரை, ஒரே சுவர்வரிசை, ஒரே சாக்கடை. செல்வாக்கில் இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தாலும், கரப்பானின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு வீட்டில் மருந்து தெளித்தால் அடுத்த வீட்டிற்குப் போகும். அங்கே நெடி வந்தால் திரும்பி வரும். மும்பையின் சால்களில் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இரசாயன மருந்துகள் வந்தபோது இத்தொல்லை தீர்ந்தது என்றே உலகம் நம்பிற்று. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1953இல் தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களுக்கு அம்மருந்து அடிக்கப்பட்டது. கொசுவின் கதை வேறு. கரப்பானுக்கென்று மேலைநாட்டார் பெரிதும் நம்பிய குளோர்டேன் என்னும் நஞ்சு, 1950களின் தொடக்கத்திலேயே டெக்சாஸ் மாநிலத்துக் கார்பஸ் கிறிஸ்டி நகரில் பலிக்காமற்போயிற்று. நஞ்சுக்குத் தப்பிய சில பூச்சிகள் அத்தன்மையைத் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றன. பின்னர் இனிப்பில் நஞ்சு கலந்து வைத்தனர். அந்த இனிப்பான குளுக்கோஸையே தீண்டாத கரப்பான் குலம் ஒன்று தோன்றியிருப்பது 1993இல் வெளியாயிற்று. அவற்றின் நாவிற்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்பதை 2013இல் அறிஞர் விளக்கினர்.

கரப்பான் பிழைத்தது இருக்கட்டும். மனிதர் பட்டதையும் சொல்ல வேண்டும். 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டங்களை உண்டவர்கள் திடீரென்று வாந்தியும் வலிப்புமாக விழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் ஒரே அறைக்குள் உணவுப்பொருளையும் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியையும் அடுக்கியிருந்தனர். நஞ்சு கசிந்து மாவில் ஊறிவிட்டது. சென்னை மாநிலத்திலும் நஞ்சேறிய நிகழ்ச்சிகள் நேர்ந்தமையால், இரண்டையும் சேர்த்து விசாரிக்க நீதிபதி ஷா தலைமையில் மைய அரசு ஒரு குழுவை அமைத்தது. பூச்சிக்கொல்லிகளை ஒழுங்குபடுத்தும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது இத்துயரத்தின் பின்னணியிலேதான். கப்பலறையில் நேர்ந்தது அடுக்களை அலமாரியிலும் நேரக்கூடும். ஏலத்தோட்டத்திற்கென்று வாங்கிய மருந்தில் மீந்ததைக் குப்பியில் ஊற்றி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கும் வீடு, அந்தக் கப்பலறையைத்தான் மறுபடியும் கட்டுகிறது. தோட்டத்து மருந்து எதுவும் வீட்டு வாசலைத் தாண்டலாகாது.

இத்தனை புதிய நஞ்சுகளுக்கும் நடுவே நிலைத்து நின்றது பழம்பொருள் ஒன்று. திபெத்திய உப்பேரிகளிலிருந்து ஆட்டு முதுகில் ஏற்றி இமயம் கடந்து வந்த வெங்காரம் அது. வடமொழியில் டங்கணம், நாட்டு வைத்தியருக்கும் பொற்கொல்லருக்கும் நெடுங்காலமாகப் பழக்கமானது. அதிலிருந்து 1702இல் ஹோம்பர்க் என்பவர் பிரித்தெடுத்ததே போரிக் அமிலம். 1948இல் அமெரிக்காவில் அதனைப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்தனர். கேரம் பலகையில் தூவுகிறோமே, அந்தப் பொடிதான். கரப்பான் அதன்மேல் நடக்கும்போது காலிலும் உணர்கொம்பிலும் ஒட்டிக்கொள்ளும். மிகத் தூய்மை பேணும் பிராணியாதலால் அவற்றை வாயாலே துடைத்து நஞ்சை உட்கொள்ளும். சாவதற்குச் சில நாள் ஆகும். உடனே சாகவில்லையே என்று குவியலாகக் கொட்டினால் பயனில்லை; குவியலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தூவலே வேண்டுவது.

பாலக்காட்டுக் கணவாயில் கீழைக்காற்று வீசும் வறண்ட மாதங்களில் இப்பொடி நன்கு வேலை செய்யும். இடுக்கியின் மழைக்காலத்திலோ ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும். அங்கே கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டைக்காயளவு உருட்டி, அலமாரிக்குப் பின்னே வைத்து, பூஞ்சை பிடிக்குமுன் மாற்றுவது நன்று. குழந்தைகள் கைக்கு அது எட்டவே கூடாது. மாவென்று மயங்கி யாரேனும் உண்டுவிடாதபடி உணவுக் கலங்களிலிருந்தும் தொலைவாக வைக்க வேண்டும்.

பொடிக்கு முன்னே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிறிய கரப்பான் உணவின்றி ஒரு மாதமளவும் கிடக்கும். நீரின்றி இரண்டு வாரம் தாங்குவது அரிது. ஆகவே, உறங்கப்போகுமுன் தொட்டியைத் துடைத்து, ஒழுகும் குழாயை இறுக்கி, ஈரத்துணியை வெளியே உலர்த்துவது பாதி மருந்துக்குச் சமம். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் பகலில் ஒளிய இடமிராது. லயமாயினும் அக்கிரகாரமாயினும், வரிசையிலுள்ள வீட்டார் அனைவரும் ஒரே நாளில் செய்தாலொழிய இவையெல்லாம் பூச்சியை ஒரு சுவர் தள்ளிவைப்பதாகவே முடியும்.

முட்டைக்கூட்டின் உள்ளே எந்தப் பொடியும் புகாது. சிறிய கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும்வரை தானே சுமந்து திரியும். பெரியது அவரைவிதை போன்ற கருஞ்சிவப்புக் கூட்டை இடுக்கிலும் சாக்கிலும் ஒட்டிவிட்டுச் செல்லும். அது பொரிக்க ஒன்று அல்லது இரண்டு மாதம் செல்லும். அதற்கேற்ப, முதல்முறை செய்த ஒரு மாதம் கழித்தும் இரண்டு மாதம் கழித்தும் மீண்டும் செய்ய வேண்டும். சொந்த ஊரிலிருந்து வந்த அரிசிச்சாக்கை வாசலிலேயே உதறி, வெயிலில் விரித்துப் பார்த்து, அத்தகைய கூடு கண்ணிற்பட்டால் அடுப்பிலிட்டுவிடலாம்.