ஊதியப் பிடித்தமும் அரசியல் நிதியும்: ஒரகடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

சம்பளம் தொழிலாளியின் கைக்கு வருமுன் வேலையளிப்பவர் அதில் கழித்துக்கொள்ளும் தொகை ஊதியப் பிடித்தம். அவ்வாறு சங்கத்துக்காகக் கழிப்பது சந்தாப் பிடித்தம். சங்க வட்டாரத்தில் 'செக்-ஆஃப்' என்பார்கள். அரசியல் நிதி இதனின்று வேறு. வேட்பாளரின் தேர்தல் செலவு, அரசியல் கூட்டம், துண்டறிக்கை முதலியவற்றுக்குப் பொது நிதியைத் தொடாமல் தனி நிதி திரட்டலாம் என்றது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அந்நிதிக்குப் பணம் தருமாறு எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. தருவதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்கவும் கூடாது.

2. சட்டம் எங்கே நிறுத்துகிறது

1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செல்லத்தக்க பிடித்தங்களை எண்ணிச் சொல்லி ஏனையவற்றை விலக்கியது. பதிவுபெற்ற சங்கத்தின் உறுப்பினர் சந்தா, தொழிலாளியின் எழுத்து இசைவோடு, 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பட்டியலில் சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் எழுத்து இசைவைக் கேட்கிறது.

நம் வாதம் இங்கே தொடங்குகிறது. உறுப்பினராக இருப்பதற்குச் செலுத்தவேண்டியதே சந்தா. அரசியல் நிதியோ உறுப்பினராவதற்கு நிபந்தனையாகவே கூடாதது. எனவே அது சந்தாவாகாது. சந்தா என்ற பெயரில் சம்பளத்தில் பிடிக்கவும் இடமில்லை.

3. ஊழியர் வகைகள்

அரசு ஊழியருக்கு இக்கேள்வியே எழாது. 1964ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளின் 5ஆம் விதி, கட்சி உறுப்பினராவதையும் அரசியல் இயக்கத்துக்கு நன்கொடை தருவதையும் ஒருசேரத் தடுக்கிறது. 1993ஆம் ஆண்டு அங்கீகார விதிகள், ஊழியர் சங்கத்தின் உறுப்பினர் பலத்தைச் சந்தாப் பிடித்தத்தைக் கொண்டே அளக்கின்றன.

அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் நிலை சிக்கலானது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29பி பிரிவுப்படி அரசு நிறுவனத்திடம் கட்சி நன்கொடை பெறக்கூடாது. ஆனால் அங்கே தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சி.ஐ.டி.யு. எனக் கட்சிச் சார்புள்ள சங்கங்களே வலுவானவை. நிறுவனம் தரக்கூடாத கட்சி நிதியை அந்நிறுவனத்தின் சம்பளப் பிரிவே வசூலித்துத் தருவது முறையாகாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் அரசியல் நிதிக்கான ஊதியப் பிடித்தத்தைத் தடைசெய்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் அத்தடையை ஏற்றது: பேச உரிமை உண்டு, அதற்கு நிதி திரட்டித் தரும் கடமை அரசுக்கு இல்லை என்பது அதன் சாரம்.

4. ஒரகடத்தில் எழுத்து இசைவு

ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளில் சந்தாவுக்கே முதல் தடை பதிவுதான். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை சங்க அங்கீகாரம். பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். பதிவில்லாத சங்கத்துக்குச் சட்டப்படியான பிடித்தம் இல்லை.

பதிவுக்குப் பின்னும் ஓர் இடர் உண்டு. பிடித்தப் பட்டியல் என்பது நிர்வாகத்தின் மேசையில் கிடக்கும் உறுப்பினர் பட்டியல். நிரந்தரத் தொழிலாளி அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளியோ, நாளைக்கு வேலை தருவதும் தராததும் எவர் கையில் இருக்கிறதோ அந்த ஒப்பந்ததாரரிடமே கையெழுத்திட்டுத் தரவேண்டும். அச்சத்தோடு இடும் கையெழுத்தை இசைவாக நாம் ஏற்கவில்லை. அதே தாளில் அரசியல் நிதியும் சேர்ந்தால், அவர் எந்தக் கட்சியின் பக்கம் என்பதும் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே சங்கங்களிடம் நாம் வேண்டுவது: சந்தாவைப் பிடித்தமாகப் பெறுங்கள், அரசியல் நிதியை ஆலைக்கு வெளியே, தனி ரசீது கொடுத்து, தொழிலாளியிடம் நேரில் கேட்டுப் பெறுங்கள்.