காவேரி விமான எஞ்சின்

காவேரி என்பது போர் விமானத்துக்காக இந்தியா சொந்தமாக வடிவமைத்த ஜெட் எஞ்சின். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் பெங்களூரில் இயங்கும் ஜி.டி.ஆர்.இ. என்ற வாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் இதை உருவாக்கியது. 1989 மார்ச்சில் 382.81 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பின்னாளில் தேஜஸ் எனப் பெயர் பெற்ற இலகுரகப் போர் விமானத்தில் பொருத்துவதே நோக்கம். 2008இல் இந்த எஞ்சின் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேட்டூரில் தேங்கி, குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக ஓடும் ஆற்றின் பெயர் இதற்கு இடப்பட்டது. எஞ்சினின் மையப் பகுதிக்கு அதன் துணையாறான கபினியின் பெயர்.

முன்வரலாறு

காவேரியின் கதை 1989இல் தொடங்கவில்லை. வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பர் 23 அன்று பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். வி.எம். காட்கே தலைமையில் அங்கே வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. உடல் இந்தியாவுடையது, எஞ்சின் பிரிட்டனிலிருந்து வந்த சிரஸ் மேஜர். சொந்த உடலில் வாங்கிய எஞ்சின் என்ற இந்த ஏற்பாடு தற்காலிகமானது என்றே அன்று எல்லோரும் எண்ணினார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது மாறவில்லை.

1956இல் குர்ட் டாங்க் பெங்களூர் வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் ஜெட் விமானம் செய்துகொண்டிருந்தவர். அவரும் அவருடன் வந்த ஜெர்மானியப் பொறியாளர்களும் இந்திய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு எச்.எஃப்-24 மாருத் என்ற போர் விமானத்தை வரைந்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலில் வானில் ஏற்றினார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் வெளியே இத்தகைய முயற்சியில் இறங்கத் துணிந்த நாடுகள் அன்று மிகச் சில.

ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு வரையப்பட்ட விமானம் மாருத். அதற்காக எண்ணியிருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்ற, பின்னெரிப்பு (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும்) வசதியுள்ள எஞ்சின். அந்த எஞ்சினைச் செய்து முடிக்கும் செலவில் இந்தியாவும் பங்கேற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடாயிருந்த தில்லி மறுத்துவிட்டது. இந்திய விமானத் தொழிலின் வரலாற்றில் இவ்வளவு அதிக விலை கொடுக்கவைத்த சிக்கனம் வேறில்லை. கைக்குக் கிடைத்தது நாட் என்ற சிறு போர் விமானத்துக்காகப் பெங்களூரிலேயே தயாரான சிறிய வகை ஆர்ஃபியஸ். ஒவ்வொன்றும் சுமார் 22 கிலோநியூட்டன் உந்துவிசை தருவது. இரண்டைப் பொருத்தியும் மாருத் நேர்மட்டப் பறத்தலில் ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை.

மாற்று எஞ்சின் தேடி இந்தியா எகிப்து வரை போனது. அங்கே வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ-300 என்ற போர் விமானமும், ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னரின் ஈ-300 எஞ்சினும் உருவாகிக்கொண்டிருந்தன. எகிப்திடம் எஞ்சின் இருந்தது, அதைப் பறக்கவிட்டுச் சோதிக்கத் தயாரான விமானம் இல்லை. இந்தியாவின் நிலை அதற்கு நேர்மாறு. 1964 மார்ச்சில் எச்.ஏ-300இன் முதல் பறத்தலை நடத்தியவர் இந்திய விமானப் படையின் கபில் பார்கவா. 1967இல் ஒரு மாருத்தில் ஈ-300 பொருத்தி எகிப்தில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. 1969இல் எகிப்து தன் திட்டத்தையே கைவிட்டது.

ஆர்ஃபியஸிலேயே பின்னெரிப்பைச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. அப்படி மாற்றிய மாருத் ஒன்றைச் சோதிக்கும்போதுதான், 1970 ஜனவரி 10 அன்று, சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பெங்களூரின் கிழக்கே ஒரு பெருஞ்சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் அவர் யாரென்று தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சி வகையும் சேர்த்து 147 மாருத்துகள் தயாராயின. பாகிஸ்தானுடனான 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அவை நன்றாகவே பணியாற்றின. நான்கு பீரங்கிகளையும் ஒருசேரச் சுட்டால் எழும் அதிர்வு போன்ற குறைகள் அதில் இருந்தது உண்மை. ஆனால் மாருத்தின் ஆயுளைக் குறைத்தது எஞ்சின் இல்லாமைதான். 1990 அளவில் அது முற்றிலுமாக ஓய்வு பெற்றது. அதற்கு வாரிசாக இன்னொரு விமானத்தை வரையும் குழு அதற்குள் கலைந்துவிட்டிருந்தது.

இதே காலத்தில் எஞ்சின் ஆராய்ச்சி தனியே ஒரு சிறு வாய்க்காலாக ஓடியது. 1959இல் கான்பூரின் விமானப் படைப் பழுதுபார்ப்புக் கூடத்தில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் 1961 நவம்பரில் பெங்களூருக்கு மாறி ஜி.டி.ஆர்.இ. ஆனது. 1977இல் ஜி.டி.எக்ஸ் 37-14யு என்ற பின்னெரிப்பு எஞ்சினை அது ஓட்டிக் காட்டியது. இந்தியாவிலேயே வரைந்து இந்தியாவிலேயே செய்த அந்த எஞ்சினுக்குக் காத்திருக்கும் விமானம் எதுவும் இல்லை. மறுபக்கம், பெங்களூரிலும் ஒடிசாவின் கோராபுட்டிலும் வெளிநாட்டு உரிமத்தின் பேரில் ஆர்ஃபியஸும் மிக்-21இன் எஞ்சினும் நூற்றுக்கணக்கில் தயாராயின. உரிமத்தோடு வரைபடம் வரும்; ஒவ்வோர் அளவும் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்ற கணக்கு வராது. காவேரியின் பொறியாளர்கள் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

அமைப்பு

ஜெட் எஞ்சினின் முன்பாதி காற்றை அழுத்துவது, பின்பாதி அந்தக் காற்றில் எரிபொருளை எரித்து வெளியேற்றுவது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கம்ப்ரசரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் காற்றை அழுத்துவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று தெரியும்; அந்த வேலையைப் பல மடங்கு பெரிய அளவில், ஒரு டன்னைச் சற்றே தாண்டிய எடைக்குள் செய்து முடிக்க வேண்டியது போர் விமான எஞ்சின். காவேரியில் மூன்றடுக்கு விசிறி, ஆறடுக்கு உயர் அழுத்தக் கம்ப்ரசர், வளைய வடிவ எரியறை, உயர் அழுத்தத்துக்கு ஒன்றும் தாழ் அழுத்தத்துக்கு ஒன்றுமாக இரு டர்பைன்கள், கடைசியில் பின்னெரிப்புக் குழாய் ஆகியவை உள்ளன. எரியறையை ஒதுங்கிச் செல்லும் காற்று மிகக் குறைவு. உள்ளே புகும் காற்றில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் கீழே.

பின்னெரிப்பு இல்லாமல் 52 கிலோநியூட்டன், பின்னெரிப்போடு 81 கிலோநியூட்டன் என்பது இலக்கு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் குளிர்நாட்டில் முழு வலுவோடு ஓடும் எஞ்சின் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வு தெரியாதபடி காவேரியை வடிவமைத்தார்கள். வாங்கிய எஞ்சின்களில் நம் வெயிலை முதல் கணக்காக வைத்து வரைந்தது எதுவும் இல்லை.

உண்மையான சிக்கல் உலோகத்தில். டர்பைனின் பிளேடுகளின் மேல் அடிக்கும் வாயுவின் வெப்பம், அந்த பிளேடு செய்யப்பட்ட உலோகமே உருகும் வெப்பத்தைத் தாண்டியது. நிக்கல் கலவை உலோகம், அதன் மேல் வெப்பம் தாங்கும் பூச்சு, உள்ளே மெல்லிய குளிர்காற்றுத் துளைகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் காப்பாற்றுகின்றன. சேலம் உருக்காலையில் உருளும் துருப்பிடிக்காத எஃகு இந்த இடத்துக்கு உரியதல்ல. இங்கே வேண்டியது வேறு குடும்பத்து உலோகம். வார்க்கும்போது உலோகத்தின் படிகங்கள் ஒரே திசையில் வளரும்படி செய்த பிளேடுகளைக் காவேரிக்குப் பயன்படுத்தினார்கள். அதற்கும் மேலான நிலை, முழு பிளேடும் ஒரே படிகமாக இருப்பது. அப்படிப்பட்ட பிளேடுகளை ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காகச் செய்து கொடுத்தது. காவேரிக்கு அது காலம் கடந்த வரவு.

சோதனைகள்

கபினி மையப் பகுதி 1995இலும் முழு எஞ்சின் 1996இலும் ஓடத் தொடங்கின. பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிந்திருக்கும். தரையில் ஒழுங்காக எரியும் சுடர் அங்கே அணைந்துவிடக்கூடும். அந்த உயரத்துக் காற்றைத் தரையிலேயே உண்டாக்கும் சோதனைக் கூடம் இந்தியாவில் இல்லை. ஆகவே எஞ்சினைப் பிரித்து அடுக்கி ரஷ்யாவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2004இல் அங்கு நடந்த உயரச் சோதனையில் காவேரி தேறவில்லை. ஒரு பிளேடு உடைந்தால் காரணம் கண்டு, மாற்றிச் செய்து, மறுபடி கப்பலேற்றி, அங்கே முறை வரும்வரை காத்திருக்க மாதங்கள் போயின. சொந்தச் சோதனைக் கூடத்தை முதலிலேயே கட்டியிருந்தால் இந்தக் கட்டுரையின் பல வரிகள் வேறாக இருந்திருக்கும்.

கம்ப்ரசர், டர்பைன், கட்டுப்பாட்டு முறை ஆகியவற்றில் நீடித்த குறைகளைத் தலைமைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். 1,100 கிலோவாக இருக்க வேண்டிய எடை 1,235 கிலோவாக இருந்தது. பின்னெரிப்போடு கிடைத்த உந்துவிசையும் 81ஐ எட்டாமல் 70ஐச் சற்றே தாண்டி நின்றது. இருந்தும் 2010 நவம்பர் 3 அன்று மாஸ்கோவுக்கு அருகே ஓர் இல்-76 சரக்கு விமானத்தின் நான்கு எஞ்சின்களில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் காவேரியைப் பூட்டிப் பறந்தார்கள். தொடர்ந்த பறத்தல்களில் 12 கிலோமீட்டர் உயரம் வரையிலும், ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கு வரையிலும் அது ஓடியது. மொத்தம் 9 முழு எஞ்சின்களும் 4 மையப் பகுதிகளும் செய்து, 3,217 மணி நேரம் ஓட்டினார்கள். செலவு சுமார் 2,035 கோடி ரூபாய். இந்தத் தொகையைத் தோல்விக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. புதிய போர் விமான எஞ்சின் ஒன்றுக்கு மற்ற நாடுகள் செலவிடும் பணத்தை வைத்துப் பார்த்தால் அது குறைவான தொகையே.

சீனாவோடு ஒப்பிடுகையில்

சீனாவும் இதே சேற்றில்தான் நடந்தது. 1956இல் ஷென்யாங்கில் சோவியத் எஞ்சினைப் பார்த்துச் செய்த டபிள்யூ.பி-5 அதன் தொடக்கம். 1960களில் தொடங்கிய டபிள்யூ.எஸ்-6 இருபதாண்டு உழைப்புக்குப் பின் 1980களில் கைவிடப்பட்டது. 1975இல் பிரிட்டனின் ஸ்பே எஞ்சினுக்கு உரிமம் வாங்கினார்கள். 1980களில் தொடங்கிய டபிள்யூ.எஸ்-10 அடுத்த நூற்றாண்டில்தான் படைக்கு வந்தது. வந்த பிறகும் பல ஆண்டுகள் கோளாறு கொடுத்தது. 1998இல் முதலில் பறந்த ஜே-10 விமானம் நெடுங்காலம் ரஷ்ய எஞ்சினோடுதான் பறந்தது. 2011இல் பறந்த ஜே-20ம் அப்படியே தொடங்கி, பின்னர் உள்நாட்டு எஞ்சினுக்கு மாறியது. எஞ்சின் வேலை முழுவதையும் 2016இல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ரஷ்ய எஞ்சினை வாங்கிப் பறந்துகொண்டே, சொந்த எஞ்சின் வேலையை ஒரு விமானத்தின் கெடுவோடு கட்டாமல் தனியாக நடத்திக்கொண்டே போனார்கள். இந்தியா காவேரியைத் தேஜஸின் தேதியோடு கட்டியது. தேதி தவறியதும் பணமும் ஆட்பலமும் குறைந்தன.

தேஜஸ்

1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. முன்பே வாங்கி வைத்திருந்த அமெரிக்க எஃப்-404 எஞ்சினைக் கொண்டுதான் 2001 ஜனவரி 4 அன்று ராஜீவ் கோத்தியால் முதல் தேஜஸைப் பறக்கவிட்டார். விமானப் படையின் 45ஆம் அணி 2016இல் தேஜஸோடு அமைந்து, 2018இல் கோவை சூலூருக்கு வந்தது. 2020 மே மாதம் 18ஆம் அணியும் அங்கே சேர்ந்தது. 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆணை தரப்பட்டது. அவற்றுக்கான எஞ்சின்களை அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் அனுப்பத் தாமதித்தது. முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கு ஆணை. தேஜஸுக்கு இடம்விட வேண்டிய மிக்-21 அதே மாதம் ஓய்வு பெற்றது.

இன்றைய நிலை

பின்னெரிப்பு நீக்கிய காவேரி, ஆளில்லாப் போர் விமானத்துக்காகச் செய்யப்பட்டு வருகிறது. அதன் பகுதிகளைக் கோத்ரெஜ் நிறுவனம் தயாரிக்கிறது. கப்பலுக்கான 12 மெகாவாட் வடிவமும் உண்டு. ஆம்கா என்ற அடுத்த போர் விமானத்துக்கு 120 கிலோநியூட்டன் எஞ்சினை பிரான்சின் சஃப்ரானோடு சேர்ந்து செய்வதென்று அரசு 2025இல் அறிவித்தது. பாதுகாப்புத் தளவாடங்களை இங்கேயே செய்யும் நோக்கில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகியவை அதன் ஐந்து முனைகள். தேஜஸ் மார்க்-1ஏயின் இறக்கைகள் கோவையில் எல் அண்ட் டி ஆலையில் தயாராகின்றன. காற்று உள்ளிழுக்கும் பகுதி லட்சுமி மெஷின் ஒர்க்ஸில்.