பழுக்காத ஊசி

என் கையில் தழும்பு உண்டு. அக்கா கையில் இல்லை. இருவருக்கும் ஒரே நாளில், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் ஊசி போட்டார்கள். எனக்கு ஐந்து வயது. "அவளுக்கு ஊசி பழுக்கவே இல்லை" என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள்.

சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு ஏறியது மருந்தில்லாத வெறும் நீராக இருந்திருக்கலாம். 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியைச் சோதித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் அதில் இருந்தன. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையை நீட்டினார்கள். சிலருக்கு முழு அளவு, சிலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு ஒன்றுமில்லை. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக வண்டியில் வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். களத்துமேட்டு வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றது கூலி ஜனம்.

1979-ல் முடிவு வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. உலகமே திகைத்தது. ஆனால் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை அது தடுக்கிறது, அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அந்தச் சோதனையைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து மருந்தை முழுதாகக் கொடுத்தாக வேண்டும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

1999-ல் அதே திருவள்ளூர்ப் பகுதியில், கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்கும் திட்டம் தொடங்கியது. அடுத்தடுத்து எடுத்த கணக்கெடுப்புகளில் முதல் சில ஆண்டுகள் நோய் இறங்கியது. அந்த வேலையில் நானும் நடந்திருக்கிறேன்.

பின்னர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மாற்றலானேன். அங்கே வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஒரே அறையில் எட்டுப் பேர், ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாறும். ஆறு மாத மருந்தில் இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடும். ஆளும் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ரயிலேறிவிடுவார். அட்டையில் எழுதிய விலாசத்தில் வேறு யாரோ இருப்பார்கள்.

அக்காவுக்கு இப்போது எழுபது வயது. அவள் கையைப் போன்ற கைகள் திருவள்ளூர்க் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த எக்ஸ்ரே வண்டியைப் பற்றிக் கேளுங்கள். சொல்வதை ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.