தடமேற்றி

தடமேற்றி என்பது தண்டவாளத்தை விட்டு இறங்கிய தொடர்வண்டிச் சக்கரங்களை மீண்டும் தண்டவாளத்தின் மீது ஏற்றுவதற்குப் பயன்படும் கருவி ஆகும். இதன் மிக எளிய வடிவம் வார்ப்பு எஃகினால் ஆன ஒரு சாய்தளம். அதனைத் தண்டவாளத்தை ஒட்டிப் பொருத்திவிட்டு, தடம் புரண்ட வண்டியை மெதுவாக இழுத்தால், சக்கரம் சாய்தளத்தின் மீது உருண்டு ஏறி, பக்கவாட்டில் திருப்பப்பட்டு, தண்டவாளத்தின் மேல் விழுகிறது. இந்த எளிய சாய்தளத்துடன், நீரழுத்தத்தால் இயங்கும் உயர்த்திகள், பாலங்களுக்கு முன் நிலையாக அமைக்கப்படும் வழிகாட்டும் அமைப்புகள் முதலியனவும் பொதுவாகத் தடமேற்றும் கருவிகள் எனக் கருதப்படுகின்றன.

தொடர்வண்டித் தொழிலாளர்களின் பேச்சு வழக்கில் சாய்தள வகை "ரேம்ப்" அல்லது "ரீரெயிலர்" என்றும், உயர்த்தி வகை "ஜாக்கி" என்றும் வழங்கப்படுகின்றன.

அடிப்படை

தொடர்வண்டிச் சக்கரத்தின் உட்புற ஓரத்தில் ஒரு விளிம்பு உள்ளது. இவ்விளிம்பே சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு விலகாமல் காக்கிறது. இந்தியத் தொடர்வண்டித் துறையின் அகலப் பாதையில் புதிய சக்கரத்தின் விளிம்பு உயரம் 28.5 மில்லிமீட்டர் ஆகும். பல்லாயிரம் டன் எடையுள்ள சரக்கு வண்டிகள் இந்த விரற்கடை அளவுள்ள விளிம்பை நம்பியே ஓடுகின்றன. விளிம்பு ஏதேனும் ஒரு காரணத்தால் தண்டவாளத்தின் தலைமீது ஏறிவிட்டாலோ, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் விரிந்துவிட்டாலோ சக்கரம் கீழே இறங்கிவிடுகிறது. இதுவே தடம் புரளுதல் எனப்படுகிறது.

ஓர் அச்சின் இரு சக்கரங்களும் அச்சுடன் இறுகப் பிணைக்கப்பட்டவை. எனவே அச்சு ஒரு பக்கமாக நகரும்போது இரு சக்கரங்களும் சேர்ந்தே நகர்கின்றன. எடுத்துக்காட்டாக, அச்சு வலப்புறம் நகர்ந்தால் வலச் சக்கரம் வலத் தண்டவாளத்தைத் தாண்டி அதன் வெளிப்புறத்தில் விழும். இடச் சக்கரம் இரு தண்டவாளங்களுக்கும் இடையே விழும். இவ்விரு சக்கரங்களையும் ஏற்றுவதற்குத் தேவையான இயக்கம் ஒன்றல்ல.

வெளிப்புறம் விழுந்த சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலையைத் தாண்டி உட்புறம் வர வேண்டும். ஆகையால் அச்சக்கரத்தை விளிம்பின் நுனி தண்டவாள மட்டத்திற்கு மேல் வரும் அளவுக்கு உயர்த்த வேண்டும். உட்புறம் விழுந்த சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதன் உருள்பரப்பு தண்டவாள மட்டத்தை அடைந்து வெளிப்புறமாக நகர்ந்தால் போதும். இதனால் தடமேற்றிகள் எப்போதும் இணையாகவே செய்யப்படுகின்றன. ஒன்று வெளிப்புறத்திற்கு உரியது, மற்றொன்று உட்புறத்திற்கு உரியது. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் சக்கரம் தண்டவாளத்தை நோக்கித் திரும்புவதற்கு மாறாக மேலும் விலகிச் செல்லும்.

தூக்க வேண்டிய உயரம் தண்டவாளத்தின் உயரத்தைப் பொறுத்தது. மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர். 52 கிலோகிராம் தண்டவாளத்தின் உயரம் 156 மில்லிமீட்டர். பழைய 90 இராத்தல் தண்டவாளத்தின் உயரம் ஏறக்குறைய 143 மில்லிமீட்டர். எனவே ஒரு வகைத் தண்டவாளத்திற்கென வார்க்கப்பட்ட தடமேற்றி மற்றொரு வகைக்குச் சரியாகப் பொருந்தாது.

வகைகள்

கையடக்கச் சாய்தளத் தடமேற்றி: இது மிகப் பழைய வகை. இரண்டு அல்லது நான்கு பேர் தூக்கிச் செல்லக்கூடிய எடை கொண்டது. அடிப்பகுதியில் குறுக்குக்கட்டையைப் பற்றிக்கொள்ளும் கூர்முனைகளோ, தண்டவாளத்தின் அடிப்பாகத்தைக் கவ்வும் பிடிகளோ இருக்கும். மேற்பரப்பில் சக்கர விளிம்பை வழிநடத்தும் சாய்வான வரப்பு ஒன்று அமைந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க இருப்புப்பாதைகளில் இக்கருவியைப் பொறியின் பக்கவாட்டிலோ, வண்டியின் கடைசிப் பெட்டியிலோ தொங்கவிட்டு எடுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது.

நிலையான தடமேற்றி: தொழிற்சாலைகளின் உட்பாதைகள், சுரங்கங்கள், பாலங்களின் முகப்புகள் ஆகிய இடங்களில் தண்டவாளத்தின் இருபுறமும் நிலையாகப் பதிக்கப்படுவது. தடம் புரண்டதை ஓட்டுநர் அறியும் முன்னரே வண்டி பாலத்தை அடைந்துவிட்டாலும், சக்கரத்தை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவதே இதன் நோக்கம்.

காவல் தண்டவாளம்: இந்தியாவில் தூலப் பாலங்களின் மீது முதன்மைத் தண்டவாளங்களுக்கு உட்புறமாக மேலும் இரண்டு தண்டவாளங்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இவற்றின் முனைகள் பாலத்திற்கு வெளியே ஒன்றையொன்று நோக்கிக் குவிந்து, கீழ்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். இவை சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதில்லை. தடம் புரண்ட வண்டி பாலத்தின் ஓரத்திற்குச் சென்று கவிழாமல் நேர்வழியில் செலுத்துகின்றன. ஆகையால் இவற்றைத் தடமேற்றியின் நெருங்கிய உறவாகக் கருதலாம்.

நீரழுத்தத் தடமேற்றி: இன்று பெரும்பாலான நாடுகளில் முதன்மையாகப் பயன்படுவது இவ்வகையே. அழுத்தம் தரும் எக்கி, கட்டுப்பாட்டு மேசை, உயர் அழுத்தக் குழாய்கள், பல அடுக்குகளாக நீளும் உயர்த்திகள், குறுக்கு உத்தரம், அதன் மீது நகரும் உருளைத் தாங்கி ஆகியவை இதன் உறுப்புகள். குறுக்கு உத்தரம் பாதைக்குக் குறுக்காக வைக்கப்படுகிறது. உயர்த்தி வண்டியின் முனையைத் தூக்கியதும், உருளைத் தாங்கி பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. சக்கரங்கள் தண்டவாளத்திற்கு நேர் மேலே வந்ததும் வண்டி கீழே இறக்கப்படுகிறது. வண்டியை இழுப்பதற்கு இன்னொரு பொறி தேவையில்லை என்பதும், மின்கம்பிகளுக்கு அடியிலும் சுரங்கப்பாதையிலும் வேலை செய்ய இயலும் என்பதும் இதன் சிறப்புகள்.

பாரந்தூக்கி: பெட்டிகள் கவிழ்ந்துவிட்டாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டாலோ சாய்தளத்தாலும் உயர்த்தியாலும் பயன் இல்லை. அப்போது தண்டவாளத்தில் ஓடும் பாரந்தூக்கிகள் தேவைப்படுகின்றன. இந்தியத் தொடர்வண்டித் துறையில் 140 டன் தூக்கும் திறனுள்ள பாரந்தூக்கிகள் பயன்பாட்டில் உள்ளன. இத்தகைய பாரந்தூக்கிகள் பீகாரில் உள்ள ஜமால்பூர் பணிமனையில் கட்டப்பட்டுள்ளன.

செயல்முறை

சாய்தளத் தடமேற்றியைக் கொண்டு ஒரு சரக்குப் பெட்டியை ஏற்றும் முறை பின்வருமாறு:

முதலில் இருபுறமும் பாதை காக்கப்பட்டு, வேறு வண்டிகள் வராதவாறு தடுக்கப்படுகிறது. மின்மயமாக்கப்பட்ட பாதையாயின் 25,000 வோல்ட் மின்கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டு நிலத்துடன் இணைக்கப்பட வேண்டும். பின்னர் தடம் புரளாத பெட்டிகள் கழற்றி அப்புறப்படுத்தப்படுகின்றன. எஞ்சிய பெட்டியின் நல்ல சக்கரங்களுக்கு அடியில் ஆப்புகள் வைக்கப்படுகின்றன.

பெட்டியைத் தடம் புரண்ட வழியிலேயே பின்னோக்கி இழுப்பது பொதுவாக எளிது. சக்கரம் ஏறிச் சென்ற தடம் சரளைக்கல்லிலும் குறுக்குக்கட்டைகளிலும் பதிந்திருக்கும். சக்கரத்திற்கும் தடமேற்றிக்கும் இடையிலுள்ள பள்ளங்கள் மரக்கட்டைகளால் நிரப்பப்படுகின்றன. தடமேற்றிகள் குறுக்குக்கட்டையின் மீது உறுதியாக அமர்த்தப்பட்டு, ஆப்புகள் அகற்றப்பட்டதும், பொறி மனிதன் நடக்கும் வேகத்திலும் குறைவாக இழுக்கிறது. சக்கரம் ஏறும் அந்தச் சில நொடிகளில் அருகில் எவரும் நிற்கலாகாது. முழுச்சுமை ஏற்றிய நான்கு அச்சுச் சரக்குப் பெட்டி ஒன்றின் எடை 81 டன்னுக்கும் மேல். அதாவது ஓர் அச்சுக்கு 20 டன்னுக்கும் மேல். அந்த எடையின் கீழ் சரியாக அமராத தடமேற்றி நழுவினால், அது பல மீட்டர் தொலைவுக்குத் தெறித்துவிடும்.

சக்கரம் ஏறிவிட்டதாலேயே பெட்டி ஓடத் தகுதி பெற்றுவிடுவதில்லை. ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தொலைவு அகலப் பாதையில் 1600 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். தடம் புரண்டபோது ஏற்பட்ட அதிர்ச்சியில் இத்தொலைவு மாறியிருந்தால், ஏற்றப்பட்ட பெட்டி அடுத்த பாதைமாற்றியிலேயே மீண்டும் தடம் புரளும். எனவே சக்கரம், அச்சுப்பெட்டி, வில், தடுப்பு ஆகியன சோதிக்கப்பட்ட பின்னரே பெட்டி மெதுவாக நகர்த்தப்படுகிறது.

பாதையும் சோதிக்கப்பட வேண்டும். இன்றைய அகலப் பாதையில் கிலோமீட்டருக்கு 1660 கற்காரைக் குறுக்குக்கட்டைகள் பதிக்கப்படுகின்றன. தடம் புரண்ட சக்கரம் 100 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 166 கட்டைகளை அடித்துச் செல்லும்.

இந்தியாவில்

இந்தியத் தொடர்வண்டித் துறையில் தடமேற்றும் கருவிகள் விபத்து நிவாரணத் தொடர்வண்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. முக்கியச் சந்திப்புகளில் இவ்வண்டிகள் எந்நேரமும் புறப்படும் நிலையில் நிறுத்தப்பட்டிருக்கும். பகலில் அழைப்பு வந்த 30 நிமிடங்களுக்குள்ளும் இரவில் 45 நிமிடங்களுக்குள்ளும் புறப்பட வேண்டும் என்பது பொது விதி. மருத்துவ ஊர்தி தனியாகவும் விரைவாகவும் அனுப்பப்படுகிறது. பணியாளர்களை அழைப்பதற்குச் சந்திப்பில் சங்கு ஊதப்படுகிறது. சங்கொலியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் கொண்டு விபத்தின் தன்மையை அறியலாம். இதனால் சந்திப்புகளை ஒட்டிய தொடர்வண்டிக் குடியிருப்புகளில் சிறுவர்களும் சங்கொலியை எண்ணப் பழகியிருப்பர்.

தமிழ்நாட்டில் மீட்டர் பாதை இன்று நீலகிரி மலைப்பாதையில் மட்டுமே எஞ்சியுள்ளது. மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் இடையிலான இப்பாதையில் கல்லாறு – குன்னூர் இடையே பற்சட்டப் பாதை உள்ளது. பற்சட்டம் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே செல்வதால், உட்புறம் விழும் சக்கரத்தை ஏற்றுகையில் அச்சட்டம் சேதமடையாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

விழுப்புரம் வட்டாரம்

விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைகளிலிருந்து பாதைகள் கூடுகின்றன. செங்கல்பட்டு, விருத்தாசலம், மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகியன அத்திசைகள். பாதைமாற்றிகளும் வளைவுகளும் மிகுந்த இத்தகைய சந்திப்புகளின் முற்றங்களிலேயே குறைந்த வேகத் தடம் புரளல்கள் மிகுதியாக நிகழ்வது வழக்கம். சாய்தளத் தடமேற்றி மிகவும் பயன்படுவதும் இவ்விடங்களிலேயே.

விழுப்புரம் – புதுச்சேரி பாதை 1879 ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் வழியாகச் செல்லும் இப்பாதை 2004 ஆம் ஆண்டில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள பொம்மையார்பாளையம் போன்ற வானூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் இருப்புப்பாதை இல்லை. அவ்வூர்களுக்கு அண்மையான நிலையம் இப்பாதையின் முடிவில் உள்ள புதுச்சேரியே. கிளைப்பாதையாதலால் இதில் ஒரு பெட்டி தடம் புரண்டாலும் மாற்றுவழி இல்லை. பெட்டி ஏற்றப்படும் வரை விழுப்புரம் – புதுச்சேரி இடையே போக்குவரத்து முற்றிலும் நின்றுவிடும்.

2025 ஆம் ஆண்டு சனவரி 14 அன்று, பொங்கல் நாள் காலையில், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்ட மின்தொடர் பயணிகள் வண்டி விழுப்புரத்தை அடுத்த வளைவில் தடம் புரண்டது. ஓட்டுநர் வண்டியை உடனே நிறுத்தியதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. பயணிகள் இறக்கப்பட்ட பின்னர் பெட்டிகளை ஏற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. வேகம் குறைவாக இருந்து பெட்டிகள் நிமிர்ந்தே நிற்கும் இத்தகைய நிகழ்வுகளே தடமேற்றும் கருவிகளின் இயல்பான களம் ஆகும்.

வரம்புகள்

தடமேற்றி பெட்டிகளை மீட்கும் கருவியே அன்றி மனிதரை மீட்கும் கருவி அன்று. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவுவண்டி ஆற்றில் விழுந்ததில் 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய தொடர்வண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாதையே இல்லாதுபோன அத்தகைய இடத்தில் தடமேற்றிக்கு வேலை இல்லை. 2024 ஆம் ஆண்டு அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூர் – தர்பங்கா பாக்மதி விரைவுவண்டி நின்றிருந்த சரக்கு வண்டி மீது மோதியபோதும் பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம் புரண்டு சிதறின. அங்கும் பாரந்தூக்கிகளும் மண்வாரி இயந்திரங்களுமே முதன்மையாகத் தேவைப்பட்டன.

பெரும் விபத்துகளில் இரு கடமைகள் மோதுகின்றன. பாதையை விரைவில் திறக்க வேண்டும் என்பது ஒன்று. விபத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பது மற்றொன்று. சக்கரம் ஏறிய இடம், விளிம்பின் தேய்மானம், தண்டவாள அகலம், பாதைமாற்றியின் நிலை ஆகிய தடயங்கள் பெட்டியைத் தூக்கியவுடன் மறைந்துவிடக் கூடியவை. எனவே பெட்டிகளை ஏற்றும் முன்னரே அளவுகளும் ஒளிப்படங்களும் எடுக்கப்பட்டு, அலுவலர்கள் கையொப்பமிட வேண்டும். இந்தியாவில் கடும் விபத்துகளை விசாரிக்கும் தொடர்வண்டிப் பாதுகாப்பு ஆணையர், தொடர்வண்டி அமைச்சகத்தின் கீழ் அன்றி வானூர்திப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறார். வண்டிகளை இயக்கும் துறையே தன் பிழையை விசாரிக்கும் நிலை ஏற்படாதிருப்பதற்கே இந்த ஏற்பாடு.

மாதிரித் தொடர்வண்டிகளில்

பொழுதுபோக்காக மாதிரித் தொடர்வண்டிகளை ஓட்டுவோரும் தடமேற்றியைப் பயன்படுத்துகின்றனர். இது நெகிழியால் ஆன நீண்ட சாய்தளம். இதன் ஒரு முனையைத் தண்டவாளத்தின் மீது வைத்து, பெட்டியை மேலிருந்து உருட்டிவிட்டால், சக்கரங்கள் தாமாகவே தண்டவாளத்தில் அமர்கின்றன. சாலைக் கடவை போன்ற தோற்றத்தில் பாதையுடன் இணைந்தே வரும் தடமேற்றித் துண்டுகளும் உண்டு.

இவற்றையும் பார்க்க

தடம் புரளுதல்
தண்டவாளம்
விழுப்புரம் சந்திப்புத் தொடர்வண்டி நிலையம்
நீலகிரி மலைப்பாதை
அரியலூர் தொடர்வண்டி விபத்து, 1956