ஆக்சலாட்டல் முட்டைகளைக் காத்தவர்கள்

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு ‘நியோடெனி’ என்ற சொல் மறந்திருக்காது. பரீட்சைக்கு அடிக்கடி வரும் கேள்வி அது. ‘ஆக்சலாட்டல் லார்வா’ என்று படம் வரைந்து, கழுத்தின் இரு பக்கமும் மூன்று மூன்று இறகுச் செவுள்களைப் போட்டுப் பாகம் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். இன்று நம் பேரப்பிள்ளைகள் அதே பிராணியை வீடியோ கேமிலும் பொம்மைக் கடையிலும் பார்த்து, நம்மைவிட நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மெக்சிகோவின் ஏரிகளில் மட்டும் இருந்த உயிர் உலகம் முழுக்கப் போன கதை பாடப் புத்தகத்திலும் இல்லை, கேமிலும் இல்லை. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பிராணியைப் பற்றி இரண்டு வரி. தவளைக்குத் தலைப்பிரட்டை எப்படியோ, சாலமாண்டர் என்ற வாலுள்ள இருவாழ்விக்கும் அப்படி ஒரு நீர்ப்பருவம் உண்டு. மற்ற சாலமாண்டர்களில் பெரும்பாலானவை செவுளை இழந்து கரை ஏறிவிடும். ஆக்சலாட்டல் ஏறுவதில்லை. குழந்தை உருவத்தோடே வளர்ந்து, தண்ணீருக்குள்ளேயே முட்டையும் இட்டுவிடும். அதன் ஊர் மெக்சிகோ நகரை ஒட்டிய சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகள். அங்கிருந்த அஸ்டெக் மக்களுக்கு அது உணவு, மருந்து, தெய்வக் கதை மூன்றுமாக இருந்தது. பலிக்குப் பயந்து ஓடிய ஷோலோட்டல் என்ற தெய்வம் கடைசியில் தண்ணீரில் ஒளிந்துகொண்ட உருவமே இது என்பது அவர்கள் நம்பிக்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்போல்ட் என்ற ஜெர்மானியப் பயணி இறந்த ஆக்சலாட்டல் இரண்டைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். அதை அறுத்துப் பார்த்த குவியே, இது ஏதோ ஒரு சாலமாண்டரின் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்றார். உயிரோடு பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மெக்சிகோவைப் பிரெஞ்சுப் படை பிடித்திருந்த காலத்தில் 34 ஆக்சலாட்டல்கள் கப்பலேறிப் பாரிஸ் வந்தன. அவற்றில் 6 மட்டும் 1864இல் அந்நகரின் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்துப் பேராசிரியர் ஓகஸ்த் துமேரில் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண்.

1865 ஜனவரியில் அந்த ஒரு பெண் முட்டையிட்டது. நாம் படித்த நியோடெனிப் பாடம் அங்கேதான் பிறந்தது. பொரித்த குஞ்சுகள் செப்டம்பருக்குள் ஏறக்குறையப் பெற்றோர் அளவுக்கு வளர்ந்துவிட்டன. பிறகு சிலவற்றின் செவுள் சுருங்கியது, வால் துடுப்பு மறைந்தது, நிறம் மாறியது. கரைவாழ் சாலமாண்டராகவே ஆகிவிட்டன! பெற்றோர் மட்டும் மாறாமல் தண்ணீரில் கிடந்தன. குவியே சொன்னது சரிதான், ஆனால் குஞ்சே குஞ்சு பொரிக்கிறதே என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. துமேரில் தம் குஞ்சுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பெருகிய ஆக்சலாட்டல்களில் பெரும்பாலானவை அந்தப் பாரிஸ் தொட்டியின் வாரிசுகள்தான்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றுகிறது. வளர்த்தவர்களுக்குத்தான் பாடு தெரியும். பெண் ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். வேகவைத்த ஜவ்வரிசி போலப் பிசினுக்குள் ஒரு கரும்புள்ளி. ஒவ்வொன்றாக நீர்ச்செடியிலும் கல்லிலும் ஒட்டி வைக்கும். அதோடு தாயின் கடமை முடிந்தது. பெற்றவையே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் உடனே தாயையோ முட்டையையோ வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக, 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. குளோரின் ஆகாது. உயிருள்ள முட்டைக்குள் புள்ளி நாளுக்கு நாள் நீண்டு, பிறகு அசையும். வெளுத்துப் பஞ்சு படர்ந்தது செத்த முட்டை. அதை அன்றன்றே எடுக்காவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தொற்றும்.

குளிர்ச்சிக்குத் தக்கபடி இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். குஞ்சு ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், கால் இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே ஆகாரம். அதன்பின் உயிரோடு அசைவதை மட்டுமே கவ்வும், செத்ததைத் திரும்பிப் பார்க்காது. அதனால் இன்று ஆர்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சுகளைத் தருகிறார்கள். நம் கடற்கரை இறால் பொரிப்பகங்களில் டப்பாக்களில் முட்டையாக வாங்கி, உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பொரிப்பார்களே, அதேதான். நல்ல தண்ணீரில் அது அதிக நேரம் பிழைக்காது. மிஞ்சியது செத்து நீரைக் கெடுக்கும். எனவே தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். முன்னங்கால் முளைக்கும் பருவத்தில் இன்னொரு தொல்லை. பசி வந்தால் கூடப் பிறந்ததின் காலையே கடித்துவிடும். போன கால் திரும்ப முளைக்கும் என்றாலும், பெரியது, சிறியது பார்த்துப் பிரித்து வைப்பதே வளர்ப்பவரின் வேலை. பின்னங்காலும் வந்து கொஞ்சம் பெரிதான பிறகுதான் மூச்சு விடலாம்.

இந்த வேலையைப் பொறுமையாகச் செய்தவர்களில் நினைவில் வைக்க வேண்டிய பெயர் மாரீ ஃபான் ஷோவின். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரத்துப் பெண்மணி. ஆக்சலாட்டலை வேண்டுமென்றே கரையேற்ற முடியுமா என்று வைஸ்மன் என்ற பேராசிரியர் முயன்று பார்த்து, குஞ்சுகளை இவரிடம் ஒப்படைத்தார். பிறந்து எட்டு நாளே ஆன 12 குஞ்சுகள். அவற்றில் 5 தான் தங்கின. 1874இல் அந்த ஐந்தை வைத்துக்கொண்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அவற்றைக் கரையில் நடக்க வைத்தார். நீரின் தன்மை, வெப்பம், தீனியின் அளவு இவற்றில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாது என்பது அவர் அனுபவம். புகழ் பெரும்பாலும் பேராசிரியருக்குப் போயிற்று. பிறகு 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி, தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்தாலே ஆக்சலாட்டல் உருமாறும் என்று காட்டினார். 2018இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. 3,200 கோடி எழுத்துகள், மனிதனைப் போலப் பத்து மடங்கு.

இவ்வளவும் கண்ணாடித் தொட்டிக்குள். தாய்வீட்டில் என்ன நடந்தது? ஸ்பானியர் காலத்திலிருந்தே ஏரிகளை வடித்து நகரம் கட்டினார்கள். மிஞ்சியது சோச்சிமில்கோவின் கால்வாய்களும், இடையே சேற்றை மேடாக்கிப் பயிரிடும் ‘சினாம்பா’ வயல்களும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் வளம் பெருக்குகிறோம் என்று கெண்டையையும் திலேப்பியாவையும் அதில் விட்டார்கள். நம் ஊரில் ஜிலேபி மீன் என்கிறோமே, அந்த இனம்தான். நம் நீர்நிலைகளுக்கும் 1950களில் அப்படித்தான் வந்தது. ஆக்சலாட்டல் முட்டையும் குஞ்சும் அவற்றுக்கு நல்ல தீனி ஆயின. கழிவுநீரும் சேர்ந்தது. 1998 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்த ஆக்சலாட்டல், 2014இல் 36 ஆனது.

பாட்ஸ்க்வாரோ ஏரியில் ‘அச்சோக்கே’ என்ற இதன் உறவினம் ஒன்று உண்டு. அதன் அறிவியல் பெயரில் துமேரில் என்ற பெயரே ஒட்டியிருக்கிறது. அவ்வூர் டொமினிக்கன் மடத்துக் கன்னியாஸ்திரிகள் நெடுங்காலமாக அதிலிருந்து இருமல் மருந்து காய்ச்சி விற்று மடத்தை நடத்தி வந்தார்கள். ஏரியில் அச்சோக்கே அருகியபோது, மடத்துக்குள்ளேயே தொட்டி வைத்து முட்டையும் குஞ்சுமாகத் தாங்களே வளர்க்கத் தொடங்கினார்கள். பிழைப்புக்காகத் தொடங்கியதுதான். இன்று அந்த இனத்தைக் காப்பாற்ற நினைக்கும் விஞ்ஞானிகள் அந்தச் சகோதரிகளின் கைப்பக்குவத்தைக் கேட்டுப் போகிறார்கள்.

வெள்ளிப் பாத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது போல உயிரைத் தொட்டியில் வைத்தால் போதுமா? போதாது என்பதை மெக்சிகோவின் ஆய்வாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். சினாம்பா விவசாயிகளோடு சேர்ந்து, சில கால்வாய்களில் மீன் புகாமல் தடுப்பு வைத்து, தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். அப்படிச் சீரமைத்த ஒரு கால்வாயிலும் ஒரு செயற்கைக் குளத்திலுமாகத் தொட்டியில் வளர்ந்த 18 ஆக்சலாட்டல்களை விட்டுப் பார்த்த ஆய்வு 2025இல் வெளியானது. அவை பிழைத்தன. திரும்பப் பிடித்துப் பார்த்தவை எடையும் கூடியிருந்தன. யாரும் தீனி கொடுக்காமல், தாமே இரை பிடித்துத் தின்று வளர்ந்த எடை அது.